கூரைக்குப் பானகம் வார்த்த கதை

முன்னொரு காலத்தில், எதிரிப் படைக்கு அஞ்சாத, ஆனால் கூரைச் சொட்டுக்கு அஞ்சுகிற ராஜா ஒருவர் இருந்தார். மகரகேது என்று பெயர். அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஓர் ஐப்பசி மாதத்தில், அயல்நாட்டுத் தூதர் எதிரே நிற்க, "எமது அரண்மனையில் எந்தக் குறையும் கிடையாது" என்று சொல்லி அவர் வாயை மூடவில்லை, மேலேயிருந்து ஒரு சொட்டு நேராக அவருடைய மூக்கு நுனியில் விழுந்தது. தூதர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைத்தான் ராஜாவால் தாங்க முடியவில்லை.

அன்றே ஆணை பிறந்தது. "புதிய கொலுமண்டபம் ஒன்று எழும்பட்டும். அதனுள் மழையின் ஒரு சொட்டும் வரலாகாது. வாடைக் காற்றில் என் விளக்குச் சுடர் அசையலாகாது. ஆனால் ஜன்னல்கள் ஏராளமாக இருக்கவேண்டும்."

கட்டுமானப் பிரதானி அனந்தசயனர் மகிழ்ந்துபோனார். சரிகைக்கரை போட்ட பட்டு அங்கவஸ்திரத்தை எந்நேரமும் தோளில் போட்டிருப்பவர் அவர். நாட்டில் எந்தச் சுவர் எழுந்தாலும் அதில் தன் பெயர் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவார். அந்தச் சுவர் நிற்குமா என்பது அவ்வளவாக அவர் கவலை இல்லை.

சில நாட்களில் சந்தன மரத்தில் செய்த மாதிரி மண்டபம் ஒன்றைச் சபைக்குக் கொண்டுவந்தார். தூண்கள், விமானம், வரிசையாக ஜன்னல்கள். உள்ளே சிம்மாசனத்தில் விரலளவு ராஜா பொம்மை, மையால் வரைந்த மீசையோடு உட்கார்ந்திருந்தது. சபையோர் ஒருவர் பாக்கியில்லாமல் புகழ்ந்தார்கள்.

சபையின் விகடன் அம்பலத்தாடி மட்டும் மாதிரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். ராஜாவின் பக்கத்தில் இருந்த கெண்டியை எடுத்து, அதிலிருந்த தண்ணீரை மாதிரியின் தலையில் நிதானமாக ஊற்றினான். சபை திடுக்கிட்டது. தண்ணீர் ஜன்னல் விளிம்புகளில் தேங்கி, உள்பக்கமாக வழிந்து, சிம்மாசனம் வரை போனது. பொம்மையின் மீசை கரைந்துவிட்டது.

"அம்பலத்தாடி, என் மீசை எங்கே?" என்றார் ராஜா.

"மாதிரியில் போனதே நல்லது மகாராஜா. பொம்மைக்கு மறுபடியும் வரைந்துவிடலாம். ஜன்னல் விளிம்புகள் உள்பக்கம் சரிகின்றன. மழை சரிவைத்தான் தேடுமே தவிர, யாருடைய வீடு என்று பார்ப்பதில்லை."

ராஜா குனிந்து பார்த்தார். உண்மைதான். விளிம்புகளை வெளிப்பக்கம் சரிக்கவும், கூரையின் இறவாரத்தை நீட்டவும் உத்தரவாயிற்று. தாம் வரைந்ததைத் தாமே சபையின் நடுவில் அழித்துத் திருத்த வேண்டியதாயிற்று அனந்தசயனருக்கு. அவர் முகம் கடுகடுவென்று ஆயிற்று. அன்று முதல் அம்பலத்தாடியை ஊரைவிட்டே ஓட்டுவது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

கூரை போட்டு முடிந்த பங்குனியில் அதற்கு வழி பிறந்தது. ஆஸ்தான ஜோசியரைக் கைக்குள் போட்டுக்கொண்டு சபைக்கு வந்தார்.

"பிரபு, மாதிரியின்மேல் விகடன் நீர் ஊற்றிய வேளை நல்ல வேளை அல்லவாம். அதற்குப் பரிகாரம், மண்டபத்தின்மேல் விழும் முதல் நீர் வானத்து மழையாகவே இருக்கவேண்டும் என்கிறார் ஜோசியர். அதுவரை ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீரும் அங்கே ஊற்றலாகாது. தவிர, குறை கண்டுபிடிப்பதில் வல்லவர் நமது விகடர். குறையில்லை என்பதற்கும் அவரே பிணை நிற்பதுதானே முறை?"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும். ஐப்பசியின் முதல் மழையில் நான் அங்கே கொலுவிருப்பேன். அம்பலத்தாடி, என்மேல் ஒரு சொட்டு விழுந்தாலும், என் விளக்கு ஒருமுறை நடுங்கினாலும், அதே மழையில் நீ உன் மனைவியோடு நாட்டைவிட்டு வெளியேறவேண்டும். உள்ளே குறை இருந்தால் முன்கூட்டியே காட்டு, திருத்தச் சொல்கிறேன். ஆனால் தண்ணீர் ஊற்றாதே."

தண்ணீர் ஊற்றாமல் ஒழுக்கைக் கண்டுபிடிப்பதாவது. வாய்ச்சவடால் அடித்தே வாழ்ந்த அம்பலத்தாடி அன்று நேரே வீட்டுக்கு வந்தான்.

அவன் மனைவி பூங்காவனம் சமையல்கட்டில் இருந்தாள். மழைக்காலத்தில் அங்கே அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பானை வைக்கவேண்டும், அவ்வளவு ஒழுகும். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் இடுப்பில் கைவைத்தாள்.

"நம்ம கூரை ஒழுகுறதை ஏழு வருஷமா பாக்கலை. ராஜா கூரைக்குப் பிணை நிக்கிறீங்களா? நல்லா இருக்கு."

"நான் எங்கே நின்னேன். நிக்க வச்சுட்டாங்க."

"போற ஊர்லயாவது ஒழுகாத வீடா பாருங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைத் துடைக்கப் போனாள். "சனியன் பிடிச்ச எறும்பு. நேத்து அம்மனுக்குக் கரைச்ச பானகம் மேல்பலகையில கொஞ்சம் சிந்திடுச்சு. பலகை காஞ்சு போச்சு, எனக்கே எங்கே இறங்கிச்சுன்னு தெரியலை. இந்த எறும்புக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ, பாருங்க, விரிசல் விரிசலாத் தேடிப் போகுது."

அம்பலத்தாடி அந்த எறும்பு வரிசையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து மனைவியிடம், "வீட்டுல வெல்லம் எவ்வளவு இருக்கு?" என்றான்.

வீட்டு வெல்லம் போதவில்லை. அரண்மனைச் சமையல்கட்டிலும் கேட்டு வாங்கினான். மறுநாள் காலை, குடம் குடமாகத் தலையில் சுமந்த ஒரு கூட்டம் அவன் பின்னால் மண்டபத்துக்குப் போயிற்று. படிக்கட்டில் பிரதானி நிறுத்தியிருந்த காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"நில்லுங்க. குடத்துல என்ன? தண்ணியா?"

"குடிச்சுப் பாரேன்."

காவலன் ஒரு கை அள்ளிக் குடித்தான். வெல்லம், சுக்கு, ஏலக்காய். இன்னொரு கை அள்ளினான். வெயில் வேறு. மூன்றாவது கையும் ஆனபிறகு, "பானகங்க" என்றான்.

"தண்ணி இல்லையே?"

"இதைத் தண்ணின்னு சொன்னா பாவம்" என்று ஈட்டியை எடுத்துக்கொண்டான்.

மேலே போன அம்பலத்தாடி முதலில் செய்தது, மழைநீர் வெளியேறும் தூம்புகளில் துணியை அடைத்ததுதான். பிறகு கூரை முழுக்கப் பானகத்தைத் தேக்கினான். "நாளைக்குத் தூம்பிலே புறா கூடு கட்டினாலும் கூரை தாங்கணும்" என்று கொத்தனார்களிடம் சொல்லி, முன்வாசலுக்கு நேர் மேலே கைப்பிடிச் சுவரில், கூரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓர் அகலமான வெட்டு விடச் செய்தான். தூம்பு அடைத்துக்கொண்டால் தண்ணீர் அந்த வழியாகக் கீழே பாய்ந்துவிடும். வெயிலுக்குப் பயந்து கூரைப் பக்கமே வராத அனந்தசயனருக்கு இது தெரியாது. விகடனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, கூரைக்குப் பானகம் கொடுக்கிறான் என்று சபை முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே தூம்புத் துணிகளை உருவிப் பானகத்தை வடியவிட்டு, இரண்டு நாள் கழித்து அம்பலத்தாடி ராஜாவை மண்டபத்துக்கு அழைத்தான். பிரதானி முந்திக்கொண்டார்.

"பிரபு, ஆணையை மீறிவிட்டார். கூரைமேல் ஊற்றியிருக்கிறார்."

"ஊற்றியது உண்மை மகாராஜா. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. இந்தக் காவலனைக் கேளுங்கள், மூன்று கை குடித்தவன்."

காவலன் ராஜாவைப் பார்த்தான், பிரதானியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "பானகம்தாங்க மகாராஜா. ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மண்டபத்தின் வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரமே தெரியவில்லை, எல்லாம் காய்ந்திருந்தது. ஆனால் வடகிழக்கு மூலையில், கூரையும் சுவரும் சேரும் இடத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டு, விதானம் வழியே வந்து, சரியாகச் சிம்மாசனத்துக்கு நேர் மேலே கூட்டமாக நின்றது. அந்தக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

"எறும்பு" என்றார் ராஜா. அனிச்சையாக மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

"சுண்ணாம்புக் காரைக்கு வெல்லம் சேர்ப்பது வழக்கம் பிரபு. எறும்பு அதற்கு வந்திருக்கும்" என்றார் அனந்தசயனர்.

"அப்படியானால் மண்டபம் முழுக்க அல்லவா மொய்க்கவேண்டும்? பிரதானியார் இந்த ஒரு கோட்டில் மட்டும் வெல்லம் போட்டாரா?" என்றான் அம்பலத்தாடி.

மூலையைக் கொத்திப் பார்த்தார்கள். மேலே பார்வைக்குச் சுண்ணாம்பு, உள்ளே வெறும் களிமண். அவசர அவசரமாக முடித்த இடம். ராஜா பிரதானியை ஏற இறங்கப் பார்த்தார். இணைப்பைப் பிரித்து முறையாகக் கட்டினார்கள். மறுபடி பானகம் ஊற்றினார்கள். கூரைக்கு மேலே எறும்புகளுக்குத் திருவிழா, உள்ளே ஒன்றுகூட எட்டிப்பார்க்கவில்லை.

காற்று பாக்கி இருந்தது. கதவு, ஜன்னல்களை எல்லாம் சாத்தி, உள்ளே கூடை கூடையாகச் சாம்பிராணி போட்டுவிட்டு, அம்பலத்தாடி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். எந்த நிலையோரத்தில் புகை கசிந்ததோ அங்கெல்லாம் கரியால் கோடு போட்டான். தச்சர்கள் இடுக்குகளை அடைத்தார்கள். மறுபடி புகை போட்டபோது, உள்ளே போன புகை உள்ளேயே கிடந்தது. அன்றிரவுதான் அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

ஐப்பசி வந்தது. மழை ஒன்றும் சும்மா வரவில்லை, வானம் பொத்துக்கொண்டது. ராஜா புது மண்டபத்தில் கொலுவீற்றிருந்தார். எதிரே குத்துவிளக்கு எரிந்தது. பூங்காவனமும் பெண்கள் பக்கத்தில் ஒரு துணிமூட்டையோடு நின்றாள். போகச் சொன்னால் போகவேண்டுமே.

அனந்தசயனர் உள்ளே வரவில்லை. முன்வாசல் படியில், ஓர் ஓலைக்குடையின் கீழ் நின்றார். அவர் பக்கத்தில் கூண்டில்லாத மாட்டுவண்டி ஒன்று நனைந்துகொண்டிருந்தது. அம்பலத்தாடியின் சாமான்களை ஏற்றுவதற்காக அவரே வரவழைத்த வண்டி.

அம்பலத்தாடிக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. இத்தனை மழைக்குத் தூம்புகள் கொட்டும் ஓசை கேட்கவேண்டும். கேட்கவில்லை. கூரைமேல் தண்ணீர் தேங்குகிறது, யாரோ தூம்பை அடைத்திருக்கிறார்கள். அவன் விதானத்தைப் பார்த்தான். ஆனால் பானகம் நின்ற இடத்தில்தானே தண்ணீரும் நிற்கிறது. இதைத்தான் முன்பே பார்த்தாயிற்றே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நிமிர்ந்து நின்றான்.

விளக்குச் சுடர் ஓவியத்தில் எழுதியதுபோல நின்றது. ராஜாவின் மூக்கு காய்ந்தே இருந்தது.

அப்போது வெளியே 'தபதப'வென்று ஒரு பெரும் சத்தம். சபையே வாசலுக்கு ஓடியது. கைப்பிடிச் சுவரின் வெட்டு வழியாகக் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே வீச்சில் பாய்ந்து, ஓலைக்குடையைப் பிய்த்து, அனந்தசயனரைப் படியில் உட்காரவைத்திருந்தது. அவர் தலைமேல் இன்னும் கொட்டிக்கொண்டேயிருந்தது. எழுந்து நகரவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"தூம்பு இருக்க, நீர் இந்த வழியாக ஏன் வருகிறது?" என்று கேட்டார் ராஜா.

அன்று பானகம் குடித்த காவலன் மேலே ஏறினான். தூம்புகளிலிருந்து கந்தல் துணிகளை உருவிப் போட்டு, கடைசித் தூம்பில் இருந்ததை மட்டும் பிழிந்து, கொண்டுவந்து நீட்டினான். சரிகைக்கரை போட்ட பட்டு அங்கவஸ்திரம். எல்லோரும் அனந்தசயனரின் தோளைப் பார்த்தார்கள். தோள் வெறுமையாக இருந்தது.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை, மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

ராஜா தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். "இனி இந்நாட்டில் எந்தக் கட்டடமும் நீ சோதித்துச் சரி என்ற பிறகே குடிபுகத்தக்கது. பிரதானியை என்ன செய்யலாம்? வண்டி தயாராகவே நிற்கிறது."

"வண்டி வீணாகவேண்டாம் மகாராஜா. அதில் சுண்ணாம்பும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு பிரதானியார் என் வீடு வரைக்கும் வரட்டும். சமையல்கட்டுக் கூரை ஏழு வருஷமாக ஒழுகுகிறது. அதை அவர் கையாலேயே கட்டிக் கொடுத்தால் போதும்."

மழை விட்டபின் வேலை நடந்தது. முடிந்த அன்று ராஜாவே பார்க்க வந்தார். பூங்காவனம் பழைய பானையை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்திலேயே இலை போட்டு, பிரதானியை உட்காரவைத்துச் சோறு பரிமாறினாள். கூரைமேலிருந்து அம்பலத்தாடியின் குரல் வந்தது.

"பிரதானியாரே, பானகம் தயார். ஊற்றட்டுமா?"

அனந்தசயனர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு இலையைச் சோற்றோடு தூக்கி ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. பூங்காவனம் கூரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஊத்தாதீங்க. பானை இருந்த மூலையை இன்னொரு தடவை பிரிச்சுக் கட்டணுமாம்."