ஓடை மணல்

சூளை இல்லாமல் மண்ணையும் சிமெண்டையும் கலந்து கல் செய்யக் கற்றுக்கொடுப்பவள் கனகாயி. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த வெயிலுமுத்துவுக்கு அவளைவிட இருபது வயது அதிகம். மனைவி இறந்த பிறகு, தன் கரிசல் காட்டில் தார்ப்பாய் கட்டித் தனியாக இருந்தார். மழைக்காலத்துக்குள் ஓர் அறை எழுப்பியாக வேண்டும்.

காட்டு மண்ணைச் சலித்தார். சிமெண்டு கலந்து, அச்சில் அழுத்தி, நிழலில் அடுக்கி, சாக்கு போர்த்தித் தினமும் தண்ணீர் தெளித்தார். பேச வேறு ஆள் இல்லாததால் கல்லோடு பேசினார்.

காய்ந்ததும் எல்லாக் கற்களும் வெடித்தன. சிமெண்டைக் கூட்டினார். வெடித்தது. ரைஸ்மில்லில் சும்மா கிடந்த உமிச்சாம்பலைச் சேர்த்தார். அதுவும் வெடித்தது.

கனகாயி வந்து பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, கல்லுக்கும் உங்க கோபம் வந்துட்டா?"

"கேலி பண்ணாத தாயி. எதைப் போட்டா நிக்கும்?"

"கரிசல் காயும்போது சுருங்கும். பாதிக்குப் பாதி மணல் வேணும். பக்கத்துல இல்லையா?"

"இருக்கு. தம்பி காட்டு ஓடையில."

"பெறகென்ன?"

"அவன் மணல் என் சுவருல ஏறாது. வரப்புத் தகராறுல ஒன்பது வருஷமா பேச்சில்லை. சரி, போகட்டும். என் பொண்டாட்டி சாவுக்காவது வரலாம்ல? கொட்டுச் சத்தம் கேட்டு வரப்புல வந்து நின்னான். நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டான்."

"கேதம் சொல்ல ஆள் அனுப்புனீங்களா?"

"எட்டு ஊருக்கு அனுப்புனேன்."

"தம்பிக்கு?"

"கூடப் பிறந்தவனுக்கு எதுக்கு ஆளு? அவனா வரணும்."

பேச்சில்லாத வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சாவுச் செய்தி சொல்லாவிட்டால், வரவேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பக்கத்து வழக்கம் அது. வெயிலுமுத்துவுக்குத் தெரியாததல்ல.

கனகாயி உட்கார்ந்து, வெடித்த கற்களைச் சுத்தியலால் உடைக்க ஆரம்பித்தாள்.

"உடைக்காத தாயி! ஒரு மாசம் தண்ணி தெளிச்சிருக்கேன்."

"தூளாக்கிச் சலிச்சு வைக்கேன். மணல் வந்தா திரும்பக் கலந்துக்கலாம்."

அவர் கிழக்கே, தம்பி காட்டுப் பக்கம் திரும்பினார்.

"நான் போய்க் கேட்டு, அவன் மணல் இல்லைன்னுட்டா?"

கனகாயி சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"மணலை அப்புறம் கேளுங்க அண்ணாச்சி. முதல்ல மதினி செத்துட்டாங்கன்னு சொல்லுங்க. அதை அவருகிட்ட இன்னும் யாரும் சொல்லலை."