சொர்ணத்தாய் பார்த்த நாடி

"அவியளுக்கு என்மேல பிரியம் செத்துப்போச்சும்மா," என்றாள் சொர்ணத்தாய்.

உலகம்மாள் சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

தென்காசிப் பக்கம் நாடி பார்ப்பதில் உலகம்மாளுக்கு இணை கிடையாது என்பார்கள். சொர்ணத்தாய் அவளிடம் பாடம் கேட்க வந்தவள். குரு சின்னவள், சிஷ்யை மூத்தவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவை அம்மா என்பாள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு உலகம்மாள் கொடுக்கும் கசாயம் கொஞ்சம் கூடுதலாகக் கசக்கும்.

"பிரியம் செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாடி சொல்லிச்சு."

சொர்ணத்தாயின் புருஷன் ஐயம்பெருமாள் பால் சொசைட்டியில் வேலை பார்த்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். கல்யாணமான புதிதில் அவள் பக்கத்தில் போய் நின்றாலே அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்கும். பேசாத மனுஷனிடம் அவளுக்குக் கிடைத்த ஒரே பேச்சு அது. பிள்ளை இல்லை. இது போதுமென்று இருந்தாள்.

நாடி படிக்க வந்த பிறகுதான் வந்தது வினை. காலையில் காபியைக் கொடுத்துவிட்டு, பழகிக்கொள்கிறேன் என்று அவர் வலது கையைப் பிடிப்பாள். மூன்று விரலை வைத்துப் பார்ப்பாள். நிதானமாக, ஒரே சீராக ஓடும். பூ வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். புதுச்சேலை கட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு நாள் சண்டை போட்டுவிட்டுக்கூடப் பிடித்துப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

"பிரியம் இருந்தா நாடி எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"துள்ளும். நெஞ்சு படபடக்கும். உள்ளங்கை வேர்க்கும், வாய் காயும். சோறு இறங்காது."

"பரீட்சைக்குப் போற பிள்ளைக்கும் அப்படித்தான இருக்கு."

"விளையாடாதீங்கம்மா. நேத்து ஒருத்தன் கைய நீட்டிக்கிட்டு இருந்தான். அவனுக்குப் பேசி வச்ச பொண்ணு வாசல்ல வந்து நின்னுச்சு. அந்தக் கை என்ன துள்ளு துள்ளிச்சு தெரியுமா? எனக்கு அழுகையே வந்துட்டு."

உலகம்மாள் உலக்கையைக் கீழே வைத்தாள்.

"நீங்க பக்கத்துல இல்லாதப்போ அவிய நாடி எப்படி ஓடுது?"

"நான் இல்லாதப்போ நான் எப்படிம்மா பாக்க முடியும்?"

"ஆமா," என்றாள் உலகம்மாள். மறுபடி இடிக்க ஆரம்பித்தாள்.

சொர்ணத்தாய்க்குக் கோபம் வந்தது. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. வைத்தியசாலையின் பின்கட்டில் பாயை விரித்துவிட்டாள்.

மறுநாள் ஐயம்பெருமாள் வந்தார்.

"அக்கா, அவிய வந்திருக்காவ."

"என்ன சொல்லுதாவ?"

"ஒண்ணும் சொல்லல. வாசல்ல நிக்காவ."

"வாயத் தொறந்து கூப்பிட்டா வாரேன்னு சொல்லுங்க."

உலகம்மாள் போய்ச் சொன்னாள். அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனுஷி, ஒரு எட்டு வெளியே வந்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை.

சாரல் காலம் வந்தது, ஓய்ந்தது. சொர்ணத்தாய் கை தேர்ந்துவிட்டாள். சந்தேகம் வந்தால் குருவே அவளைக் கூப்பிடுகிற அளவுக்குத் தேர்ந்துவிட்டாள்.

"ஒரு தடவ போய் அவியளப் பாத்துட்டு வாங்கக்கா," என்றாள் உலகம்மாள்.

"போனா கையப் பிடிப்பேன். அது சும்மாத்தான் கிடக்கும். இன்னொரு தடவ அத என்னால தாங்க முடியாதும்மா."

உலகம்மாள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் விரல் பொய் சொல்லும் என்பாள். அதனால் நாடி பார்க்கிற அறையின் நடுவே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தாள். நோயாளி அந்தப் பக்கம் பேசாமல் உட்கார்ந்து கையை மட்டும் திரைக்கு அடியில் நீட்ட வேண்டும். சிஷ்யை இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். பேர், ஊர் கேட்கக் கூடாது.

ஒரு நாள் காலையில் அவள் சொர்ணத்தாயைக் கூப்பிட்டாள்.

"ஒரு கை வந்திருக்கு அக்கா. பாருங்க."

சொர்ணத்தாய் கண்ணை மூடி உட்கார்ந்தாள். உலகம்மாள் அந்தக் கையை எடுத்து அவள் விரல்களுக்கு அடியில் வைத்தாள். வெறும் எலும்பும் தோலுமாக இருந்தது.

"தறிகெட்டு ஓடுதும்மா. தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது. ரொம்ப நாளா யாரையோ தேடிக்கிட்டு இருக்காவ."

"ம்."

விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவள் முகம் மாறியது. உலகம்மாளின் காதோடு காதாகச் சொன்னாள்.

"நடுவுல விட்டு விட்டு வருது. இது தாங்காது. அடுத்த சாரலப் பாக்க மாட்டாவ."

"மருந்து?"

"அதுக்கெல்லாம் நேரம் கடந்துட்டு. இவியளுக்குக் கல்யாணம் ஆயிருக்கா?"

"ஆயிருக்கு."

"அப்போ சம்சாரத்துக்குச் சொல்லிருங்கம்மா. இருக்கிற நாள் வரைக்கும் கூட இருக்கட்டும்."

"சொல்லியாச்சு," என்றாள் உலகம்மாள்.

"அந்தம்மா என்ன சொன்னாவ?"

உலகம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. எத்தனையோ சாவைப் பார்த்தவள், அழுகிறவள் இல்லை. சொர்ணத்தாய்க்கு ஆச்சரியமாக இருந்தது.

அதற்குள் அவள் விரல்களுக்கு அடியில் ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது. மருந்து கொடுக்கவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவள் தொட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஒவ்வொரு துடிப்பாக நிதானப்பட்டு, கடைசியில் ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. அவள் காலைதோறும் பார்த்து வெறுத்த நாடி அது.

திரைக்கு அந்தப் பக்கம் அந்த மனுஷர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

சொர்ணத்தாய் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து அந்தக் கைமேல் விழுந்தது.

"அம்மா, நான் கைய எடுத்தா இது மறுபடியும் தறிகெட்டு ஓடுமா?"

"எடுத்துப் பாருங்க."

"மாட்டேன்."