பாதி மண்டபம்

ரோமாபுரியில் டிரோமோ என்றொரு அடிமை இருந்தான். செனட் சபை கூடும் மண்டபத்தைப் பெருக்குவது அவன் வேலை. ஆண்டுக்கு இரண்டு தலைவர்களை ஊரார் தேர்ந்தெடுத்த குடியரசுக் காலத்திலும் பெருக்கினான். ஒரே பேரரசர் வந்து உட்கார்ந்த பிறகும் பெருக்கினான்.

ஒருநாள் பேரரசருக்குப் பெருமை தலைக்கேறியது. சபை நடுவே அவனைக் கூப்பிட்டார்.

"டேய், இரண்டு ஆட்சியையும் பார்த்தவன் நீ. எது உசத்தி? குடியரசு என்றால் தலை போகும். காரணமில்லாமல் என்னைப் புகழ்ந்தால் முதுகுத் தோல் உரியும்."

டிரோமோ துடைப்பத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"உங்கள் ஆட்சிதான் பிரபு. எனக்கு வேலை பாதியாகிவிட்டது."

"எப்படியடா?"

"இங்கே ஓட்டுப் போடுவது காலால்தானே? ஆதரிப்பவர்கள் இந்தப் பக்கமும் எதிர்ப்பவர்கள் அந்தப் பக்கமும் நடந்துபோய் நிற்பார்கள். அப்போதெல்லாம் இரண்டு பக்கமும் செருப்புச் சேறு. இப்போது உங்களை ஆதரிக்கும் பக்கம் மட்டும்தான் அழுக்காகிறது. அந்தப் பக்கம் பளபளவென்று கிடக்கிறது."

பேரரசரின் முகம் சிவந்தது. புகழ்ந்தும் விட்டான், காரணமும் சொல்லிவிட்டான். அவன்மேல் கைவைக்க வழியில்லை. சபையைப் பார்த்துக் கத்தினார்.

"என்னை எதிர்க்க இங்கே ஓர் ஆள்கூடவா இல்லை? யாராவது அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்!"

சொல்லி வாய் மூடவில்லை, சபை உறுப்பினர்கள் அறுநூறு பேரும் விழுந்தடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்கள்.

டிரோமோ துடைப்பத்தோடு அவர்கள் பின்னால் நடந்தான்.

"சரி பிரபு, இன்றைக்கு அந்தப் பக்கத்தை மட்டும் பெருக்கிவிடுகிறேன்."