எந்த அலைக்கு?

“அவளுடையதைவிட என்னுடையதில் என்ன குறை, அம்மா?”

குழைக்காதர் கேட்டுவிட்டார். கேட்கக் கூடாது என்ற உறுதியோடுதான் வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியபோதே அந்த உறுதியும் கழன்றுபோயிற்று.

அமலோற்பவம் அம்மையார் கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார். அந்தக் கப்பல் கட்டும் தளத்தின் தலைமை வடிவமைப்பாளர் அவர். குழைக்காதரைவிட வயதில் இளையவர். ஆயினும், நரைத்த தலையோடு வந்து ‘கற்றுக்கொடுங்கள்’ என்று குழைக்காதர் பணிந்து நின்ற நாள் முதல் அவரே குரு.

“எவளுடையதைவிட?”

“தெரியாததுபோலக் கேட்கிறீர்களே.”

“நீங்கள் பெயர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.”

“தெய்வானை.”

அந்தப் பெயரைச் சொல்லும்போது நாக்கு கசந்தது.

தளத்தில் ஒரு கப்பல் உருவாகிக்கொண்டிருந்தது. தீவுக்கோயிலுக்கு அடியார்களை ஏற்றிச் செல்லும் கப்பல். அதில் டீசல் கிடையாது, மின்கலமே உயிர். வானில் புகை எழக் கூடாது, பவளப்பாறைமேல் ஒரு சொட்டு எண்ணெய் விழக் கூடாது என்பது அம்மையார் பூண்ட நோன்பு. மின்கலத்தில் ஓடும் கப்பலுக்குப் பாரமே பகை. ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் இளைக்கச் செய்தார்கள்.

கடல் ஓர் உறுப்பின்மேல் என்னென்ன சுமைகளை ஏற்றும் என்பதை வடிவமைப்பவர் கணினிக்குச் சொல்ல வேண்டும். சுமை பாயாத இடத்து உலோகத்தையெல்லாம் கணினி திரையிலேயே கரைத்துவிடும். எஞ்சுவது எலும்புபோல, வேர்போல ஒரு வடிவம். உலோகத் தூளை உருக்கிப் படலம் படலமாக அடுக்கும் அச்சு எந்திரம், அந்த வடிவத்தை அப்படியே வளர்த்துத் தந்துவிடும்.

சொன்ன சுமையை அது தாங்கும். சொல்லாத சுமையைக் கணினி அறியாது.

நீரைத் தள்ளிக் கப்பலை உந்தும் புரொப்பல்லரின் சுழல்தண்டை அடிப்புறத்தில் தாங்கிப் பிடிக்க ஒரு பிராக்கெட் வேண்டியிருந்தது. குழைக்காதர் ஒன்று வரைந்தார். அம்மையாரிடம் வேலை பார்க்கும் இளையவள் தெய்வானையும் ஒன்று வரைந்தாள். அவளுடையது பாதிக் கனமே இருந்தது, அதுவே தேர்வாயிற்று. இன்று மாலைச் சங்கு ஊதியதும் எந்திரம் அதை அச்சிடத் தொடங்கும்.

வடிவமைத்தவரின் பெயர் அந்த உறுப்பின்மேலேயே உலோகத்தில் புடைத்து நிற்பது தளத்தின் வழக்கம். கடலுக்கடியில் மீன்களைத் தவிர எவரும் அதைப் படிக்கப்போவதில்லை. ஆயினும் குழைக்காதரின் உறக்கத்தைக் கெடுத்தது அந்தப் பெயர்தான்.

“அன்றைக்கு எல்லார் முன்னிலையிலும் என்ன கேட்டாள் தெரியுமா, அம்மா? ‘அண்ணாச்சி, இது பிராக்கெட்டா, ஆட்டுரலா?’ என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.”

“நானும் சிரித்தேன்,” என்றார் அம்மையார். “அந்த ஆட்டுரலை எடுத்து வாருங்கள்.”

குழைக்காதர் தம் பிராக்கெட்டின் பிளாஸ்டிக் மாதிரியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

அம்மையார் அதன் முன்புறத்துக் காலில் விரல் வைத்தார்.

“இது எந்த அலைக்கு?”

“முன்னே செல்லும்போது எதிர்த்து வரும் அலைக்கு.”

“இது?”

“பின்னே எடுக்கும்போது வரும் இழுப்புக்கு.”

விரல் பக்கவாட்டில் நீண்டிருந்த ஒரு கைக்கு வந்தது.

“இது?”

குழைக்காதர் சற்றுத் தயங்கினார்.

“வலைக்கு. அறுந்த வலைகள் நம் கடலில் மிதக்கின்றன. அவை புரொப்பல்லரில் சுற்றினால் தண்டு பக்கவாட்டில் முறுக்கும். இந்தக் கை இல்லையென்றால் பிராக்கெட் ஒடியும்.”

சொல்லிவிட்டு அம்மையாரின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

தெய்வானையின் பிராக்கெட்டில் அப்படியொரு கை இல்லை. தேர்வான அன்றே அதைக் கண்டுகொண்டார். கண்டதும் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. கடலே அவளைக் கேட்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். கடல் கேட்கும்போது கப்பலில் ஆட்கள் இருப்பார்கள் என்ற நினைவை மட்டும் அவர் மனம் அந்த இனிப்பின் அருகே வரவிடவில்லை.

“இந்தத் தடிப்பு எந்த அலைக்கு?”

குழைக்காதர் மாதிரியைத் தம் பக்கம் நகர்த்தப் பார்த்தார்.

“எந்த அலைக்கு?”

“அலைக்கு இல்லை, அம்மா. மெலிந்திருக்கிறது என்று அவள் குறை சொல்லிவிட்டால்...”

“இது?”

“அதுவும் அவளுக்காகத்தான்.”

“இந்தப் பெரிய உருளை?”

குழைக்காதர் தலை குனிந்தார்.

அம்மையாரின் விரல், புடைத்து நின்ற ‘குழைக்காதர்’ என்ற எழுத்துகளின்மேல் ஊர்ந்து சென்றது. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“அமருங்கள்,” என்றார்.

அப்போது தெய்வானை உள்ளே வந்தாள். தன் மாதிரியை ஒரு கையிலேயே ஏந்தியிருந்தாள்.

“அம்மா, சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரந்தான் கெடக்கு. ஒருக்காப் பாத்துச் சொல்லிட்டியன்னா...” என்றவள் குழைக்காதரைக் கண்டு நின்றாள். “அண்ணாச்சியும் இங்கதான் இருக்கியளா?”

அவள் தன்னுடையதை அவருடையதன் பக்கத்தில் வைத்தாள். நாரையின் கால்போல் அது மெலிந்து, நிமிர்ந்து நின்றது. குழைக்காதருக்கு வயிறு எரிந்தது.

அம்மையார் அவளையும் அவ்வாறே கேட்டார். எந்த அலைக்கு, எந்த அலைக்கு என்று. ஒவ்வொன்றுக்கும் தெய்வானை தயங்காமல் விடை சொன்னாள். அலையில்லாத தடிப்பு ஒன்றுகூட அவளிடம் இல்லை. ஏதேனும் ஒன்றில் அவள் இடற மாட்டாளா என்று குழைக்காதர் செவியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சரியான விடை ஒவ்வொன்றும் அவரைத் தைத்தது.

“கொற ஏதும் இருக்காம்மா?”

“என்னைக் கேட்காதே,” என்ற அம்மையார், நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக் கடலைப் பார்த்து அமர்ந்துகொண்டார்.



தெய்வானையின் பார்வை குழைக்காதரின் மாதிரிமேல் விழுந்தது. பக்கவாட்டில் நீண்ட அந்தக் கையின்மேல் வந்து நின்றது. அவள் உதடு திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. சுவரில் இல்லாத ஒன்றைப் பார்ப்பவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழைக்காதர் திடுக்கிட்டார்.

அந்த வாய் மூடிய விதம் அவருக்குத் தெரியும். தேர்வான அன்று அவர் வாயும் அப்படித்தான் மூடியது.

அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. மூடிய இரண்டு வாய்களுக்கு நடுவே ஒரு கப்பல், அடியார்களோடு கடலுக்குப் போகவிருந்தது.

குழைக்காதர் எழுந்தார். தம் மாதிரியைப் பிடித்து, அதன் பக்கவாட்டுக் கையை ஒடித்தார். அதைத் தெய்வானையின் பிராக்கெட்டின் விலாவில் பொருத்திப் பிடித்தார்.

“வலைக்கு, தாயி.”

“என்னது அண்ணாச்சி?”

“அறுந்த வலை சுத்துனா தண்டு பக்கவாட்டுல முறுக்கும். நீ கணினிக்குச் சொன்ன சுமையில அது இல்ல.”

தெய்வானையின் முகம் வெளுத்தது.

“இத எப்பம் பாத்திய?”

“உன்னுது தேர்வான அன்னைக்கே.”

“அன்னைக்கேவா? சனம் ஏறுற கப்பல் அண்ணாச்சி!”

“ஆமா.”

அவள் இன்னும் ஏதோ கடுஞ்சொல் சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு.

“நானுந்தான் அன்னைக்கே இந்தக் கையப் பாத்தேன். எதுக்குன்னு விளங்கல. ஒங்ககிட்ட வந்து கேக்க மனசு வரல.”

வெளியே சங்கு ஊதி ஓய்ந்தது. எந்திரத்தைத் தொடங்க எவரும் எழவில்லை.

இருவரும் கணினிமுன் அமர்ந்தார்கள். வலை எவ்வளவு இழுக்கும் என்று குழைக்காதர் சொன்னார், அவள் பதிந்தாள். திரையில் உலோகம் கரைந்தது, கூடியது, மீண்டும் கரைந்தது. இறுதியில் விலாவிலிருந்து ஒரு கை முளைத்து நின்றது.

“ஒங்களதவிட ஒல்லியாத்தான் வந்திருக்கு,” என்றாள் தெய்வானை. சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

“ஆட்டுரல் மாதிரி இல்லல்லா?”

“இல்ல. முறுக்குப் பிழிஞ்சாப்புல இருக்கு.”

குழைக்காதர் சிரித்தார். வயிற்றின் எரிச்சல் அப்படியேதான் இருந்தது.

அம்மையார் நாற்காலியைத் திருப்பினார். விசைப்பலகைமேல் கை வைத்தார்.

“பெயர் யாருடையதை இடட்டும்?”

தெய்வானை அண்ணாச்சியைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

“அண்ணாச்சி பேரையும் சேத்தே போட்டுருங்கம்மா,” என்றாள், பாதி மனத்தோடு.

குழைக்காதரின் விரல், கை ஒடிந்து கிடந்த தம் மாதிரியின்மேல், புடைத்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு சென்றது. கடைசி எழுத்தில் நின்றது.

“அம்மா, இந்தப் பெயர் எந்த அலைக்கு?”