மனசைப் படித்த ஆளுநர்

வியாழனின் துணைக்கோள் ஒன்றில் இட்லிக் கடை நடத்திவந்தாள் செங்கமலம். அவளுக்கும், அங்கே மாவாட்டும் ழூவன் என்ற நீலநிற வேற்றுக்கிரகவாசிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளைத் தனக்குக் கேட்டு ஏமாந்த ஆளுநர் க்ராவோவுக்கு அது பொறுக்கவில்லை. நெற்றிக்கண்ணால் அடுத்தவர் மனசைப் படிப்பதாகச் சொல்லியே எல்லோரையும் நடுங்க வைத்தவர் அவர். “இவன் மனசுக்குள் என்னைக் கொல்லத் திட்டம் இருக்கிறது” என்று ழூவனுக்கு விலங்கு மாட்டினார்.

செங்கமலம் ஆளுநரின் சபைக்கே போய் நியாயம் கேட்டாள்.

“அவன் மனசில் அப்படி இல்லை என்று நிரூபி, விட்டுவிடுகிறேன்” என்றார் ஆளுநர்.

அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

“என் மனசையும் படிப்பீங்களா ஐயா?”

“எவர் மனசையும் படிப்பேன்.”

“அப்போ, நான் இப்போ உங்களைப் பத்தி நினைக்கிறதைப் படிச்சு, சபைக்கே கேட்கிற மாதிரி சொல்லுங்க” என்று அவரை முறைத்தபடி நின்றாள்.

ஆளுநருக்கு வியர்த்தது. “என்மேல்… மிகுந்த மரியாதை வைத்திருக்கிறாய்.”

முதலில் வாசல் காவலன் சிரித்தான். பிறகு சபையே சிரித்தது. அந்தக் காவலனே போய் ழூவனின் விலங்கைக் கழற்றினான்.

செங்கமலம் உடனே கிளம்பவில்லை. ஆளுநரைப் பற்றி உண்மையில் நினைத்ததை ஒரு வசவு விடாமல் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான், ழூவனை அழைத்துக்கொண்டு வெளியேறினாள்.