ஆடாமல் நின்ற வண்ணத்துப்பூச்சி

"செத்தவங்களை எடுத்தா உயிரோட இருக்கிற மாதிரி வருது. உயிரோட இருக்கிறதை எடுத்தா செத்த மாதிரி வருது. என் கையில என்ன கோளாறுன்னு சொல்லு தாயி."

கேட்டவர் தவசிமுத்து. வயது ஐம்பத்தெட்டு. டவுனில் பவளம் ஸ்டூடியோ அவருடையது.

கேட்கப்பட்டவள் ஆவுடை. வயது முப்பத்தொன்று. மலையடிவாரத்தில் பீடி சுற்றுகிறவள்.

ஞானம் சொல்கிறவருக்குத்தான் தாடி இருக்கவேண்டும் என்பது கதைக்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. இங்கே தாடி சீடரிடம் இருந்தது. ஆடி மாதம் அவர் மனைவி பவளம் இறந்ததிலிருந்து அவர் முகம் மழிக்கவில்லை. கடையையும் திறக்கவில்லை.

மனுசரை எடுக்க மனம் வராமல்தான் வண்ணத்துப்பூச்சிக்கு வந்தார்.

வண்ணத்துப்பூச்சி என்றால் அந்தப் பக்கம் எல்லோரும் ஆவுடை வீட்டைத்தான் கைகாட்டினார்கள். அவளிடம் பழைய கேமரா ஒன்று உண்டு. அதன் தலையில் ஒரு ப்ளாஷ். ப்ளாஷின் முகத்தில், வெளிச்சம் சுள்ளென்று அடிக்காமல் இருக்க, கழுவிக் காயவைத்த பால் கவர். விடிந்ததும் ஓடைக்குப் போவாள். வெயில் ஏறியதும் வந்து சுளகை மடியில் வைத்துக்கொண்டு இலையைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவாள். கல்லூரிக்காரர்கள் கார் போட்டு வந்து அவள் படங்களைப் பார்ப்பார்கள். வரும்போது இருந்த பேச்சு போகும்போது இருக்காது.

"படத்தைக் காட்டுங்க அண்ணாச்சி," என்றாள்.

காட்டினார். நாற்பது படம். இறக்கையின் தூளைக்கூட எண்ணிவிடலாம். அத்தனை துல்லியம்.

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. உயிர்தான் இல்ல."

"பின்னாடி இருட்டா இருக்கதால அப்படித் தெரியும். ப்ளாஷ் அடிச்சா..."

"அது தெரியாதா எனக்கு? முப்பது வருசமா இதுதானே பொழப்பு. வெளிச்சத்தைக் கூட்டிப் பாத்தாச்சு, குறைச்சுப் பாத்தாச்சு. பின்னாடி பச்சை தெரிஞ்சாலும் செத்த பச்சையாத்தான் தெரியுது."

ஆவுடை இலையை மடக்கினாள்.

"ஒரே ஒரு படம் தாயி. உயிரோட. அது வந்துட்டா கடையைத் திறப்பேன். வரலைன்னா சாவியை மகன்கிட்ட குடுத்துருவேன். அவன் செல்போன் கடை போடணும்னு நிக்கான்."

"நாளைக்குக் காலையில ஓடைக்கு வாங்க. நீங்க எடுக்கிறதை நான் பாக்கணும்."

*

மறுநாள் காலை. ஓடை மணலில் ஈரம் உறிஞ்ச இருபது முப்பது வண்ணத்துப்பூச்சிகள் இறங்கியிருந்தன.

தவசிமுத்து மணலில் குப்புறப் படுத்தார். ஒன்றின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவைக் கொண்டுபோனார்.

ஆவுடை பின்னால் நின்றாள். சற்று நேரத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்டது.

"அப்படியே. அப்படியே. நாடியைக் கொஞ்சம் இறக்கு. போதும். இறக்கையை ஒட்டி வை. ஆடாத. ஆடாத. மூச்சு விடாத..."

பளிச்.

ஆவுடைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"யார்கிட்ட அண்ணாச்சி பேசுதிய?"

"நானா? பேசினேனா?"

"பூச்சிக்கு ஏது நாடி?"

அவர் வெட்கத்தோடு எழுந்து மணலைத் தட்டினார். "பழக்கம் தாயி. கல்யாண வீட்டுலயும் அதான், துக்க வீட்டுலயும் அதான். ஒரு தடவை துக்க வீட்டுல எல்லாரையும் சுத்தி நிறுத்திட்டு, வாய் தவறி 'கொஞ்சம் சிரிங்க'ன்னுட்டேன்."

"அடப்பாவமே. என்ன செஞ்சாவ?"

"பாதிப்பேர் சிரிச்சுட்டாவ. பாவம், அவங்களுக்கும் பழக்கம்."

அந்த ஊர்ப் பக்கத்தில், செத்தவரை நாற்காலியில் உட்கார்த்தி, மாலை போட்டு, குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் தூக்குவார்கள். அந்தப் படத்துக்குத் தவசிமுத்துவை விட்டால் ஆள் கிடையாது. தலையைச் சாய்க்கும் விதம், தாடை தொங்காமல் நாடிக்கு அடியில் துணி சுருட்டி வைக்கும் விதம், கண் பாதி திறந்திருந்தால் அதை மூடும் விதம், எல்லாம் அவர் கைக்கு அத்துப்படி. பார்க்கிறவர்கள், "தூங்குத மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுவார்கள்.

"எப்ப அழுத்துதிய?" என்றாள் ஆவுடை.

"அது நல்லா அசையாம நிக்கும்போது."

"எதுக்கு?"

"என்ன தாயி இப்படிக் கேக்க? ஆடினா படம் கலங்கிரும்லா."

ஆவுடை தன் கேமராவின் தலையில் இருந்த பால் கவரை விரலால் தட்டினாள்.

"இது பளிச்சுன்னு அடிக்கிற நேரத்துக்குள்ள எந்தப் பூச்சியும் ஆட முடியாது. நிறுத்துத வேலையை ப்ளாஷ் பாத்துக்கிடும். நீங்க எதுக்கு நிறுத்துதிய?"

தவசிமுத்து தன் ப்ளாஷைத் திருப்பிப் பார்த்தார்.

முப்பது வருடமாகத் தெரிந்த விஷயம். யாரும் அவரிடம் கேட்டதில்லை.

*

மூன்று வாரம் ஓடைக்குப் போனார்.

பூச்சி மணலில் நடந்தது. விரல் அழுத்தவில்லை. இறக்கையை விரித்தது. அழுத்தவில்லை. இரண்டு பூச்சிகள் ஒன்றையொன்று சுற்றிச் சுழன்றன. விரல் கல் மாதிரி கிடந்தது.

பூச்சி களைத்துப்போய் நின்றது. பளிச்.

நான்காம் வாரம் டவுன் டீக்கடையில், கல்யாண வீடியோ எடுக்கும் சிநேகிதன் ஒருவன் காதோடு சொன்னான். "அண்ணே, எதுக்கு மணல்ல உருளுதிய? டப்பாவுல பிடிச்சு ஃபிரிட்ஜுல பத்து நிமிசம் வைங்க. விறைச்சுப் போய் சொன்ன பேச்சு கேக்கும். பூவுல உக்கார வச்சு ஆற அமர எடுக்கலாம். சூடு பட்டதும் தன்னால பறந்துரும். வெளிநாட்டுலயே அப்படித்தான் செய்தான், தெரியுமா?"

வெளிநாட்டான் செய்கிறானா என்று இரண்டு பேருக்குமே தெரியாது. டீ முடிந்தது.

*

ஒரு சாயங்காலம் தவசிமுத்து ஆவுடை வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். முகத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"கிடைச்சுட்டு தாயி! பாரு!"

எலுமிச்சை மரத்தில் வரும் கறுப்பு மஞ்சள் பூச்சி. செம்பருத்தியின் மேல் இறக்கையை முழுதாக விரித்திருந்தது. முகம் நேராக. ஒரு கால் இப்படி, ஒரு கால் அப்படி. மகாராணி மாதிரி.

ஆவுடை படத்தைப் பார்த்தாள். கீழே தெரிந்த, படம் எடுத்த நேரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து.

"மத்தியானம் மூணு மணிக்கு, இந்த வெயில்ல, இறக்கையில பனித்துளி எங்க இருந்து வந்துச்சு அண்ணாச்சி?"

தவசிமுத்துவின் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது.

"பூவைக் கால் பிடிக்கலையே. பூ மேல காலை யாரோல்லா வச்சிருக்காவ."

"நான்தான்," என்றார். "படத்துக்கு டச்சிங் செய்யிற பிரஷ்ஷால மெதுவா நகத்தி வச்சேன். நோகல அதுக்கு. ஃபிரிட்ஜுல பத்து நிமிசம் வச்சா..."

"பத்து நிமிசமா?"

"மேல ஐஸ்பெட்டியில வச்சேன். சாப்பிட்டுட்டு லேசா கண்ணசந்துட்டேன். எழுந்திரிக்கும்போது மூணாயிட்டு."

"எப்ப அசந்திய?"

"ஒரு மணிக்கு."

ஆவுடை சுளகைக் கீழே இறக்கினாள். வேலை நேரத்தில் அவள் அதை இறக்கி யாரும் பார்த்ததில்லை.

"பூச்சி எங்க?"

"கொண்டாந்திருக்கேன். ஓடைப் பக்கமே விட்ரலாம்னு." ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். "இன்னும் சூடு ஏறல போல. வர்ற வழியெல்லாம் ஆடாம அசையாம அப்படியே வந்துச்சு."

"கையை நீட்டுங்க."

நீட்டினார். அவள் டப்பாவைச் சாய்த்தாள். பூச்சி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"வெயில்ல நில்லுங்க. கையை மூடாதிய."

நின்றார்.

மேற்கே சாய்ந்த வெயில் நேராகக் கையில் விழுந்தது. இறக்கையில் இருந்த ஈரம் காய்ந்தது.

"உணர்கொம்பு லேசா ஆடின மாதிரி இருக்கு," என்றார்.

"காத்து."

இன்னும் நின்றார். வெயில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு நகர்ந்தது. அவரும் நகர்ந்து, கையை வெயிலுக்குள் கொண்டுபோனார். வாயைக் குவித்து மெல்ல ஊதினார்.

"தாயி. கொஞ்சம் ஆடச் சொல்லேன்."

ஆவுடை அவர் கையருகே குனிந்து பூச்சியைப் பார்த்தாள்.

"படம் எடுக்கும்போதே..."

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப நான் இதையும்..."

"ஆமா."

தவசிமுத்து பூச்சியைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவர்கள் கையில் எதையாவது பார்த்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

"ஊரையே எடுத்தேன் தாயி. பவளத்தை எடுக்கல. எடுக்கப் போனா ஆடுவா. நாடியை இறக்குன்னா சிரிப்பா. சிரிக்காதன்னா இன்னும் சிரிப்பா. 'போடி, நீ எல்லாம் படத்துக்கு லாயக்கு இல்ல'ன்னு கேமராவை மூடி வச்சிருவேன். முப்பது வருசமும் மூடி மூடி வச்சேன்."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணு இருக்கு. நாற்காலியில வச்சு எடுத்தது. அன்னைக்கு எல்லாரும் என் மொகத்தையே பாத்தாவ. வேற யாரு எடுப்பா? நானே தலையைச் சாய்ச்சேன். நானே நாடிக்குத் துணி வச்சேன். ஆடல. முதல் தடவையா அவ ஆடல. அவ்வளவு சுத்தமா வந்திருக்கு. ஒவ்வொரு முடியும் தெரியுது. மகன் பெருசாக்கி மாட்டியிருக்கான். பாக்க வர்றவன் எல்லாம், எப்ப எடுத்தது அண்ணாச்சி, உயிரோட இருக்கிற மாதிரியே இருக்குங்கான்."

பூச்சி கையில் கிடந்தது.

"கோளாறு கையில இல்ல தாயி. எனக்கு இனிமே கத்துக்கிட ஒண்ணும் இல்ல. நாளைக்குச் சாவியைக் குடுத்துருதேன்."

ஆவுடை முற்றத்து எலுமிச்சைக்கு அடியில் ஒரு சிறு குழி பறித்தாள். அவர் குனிந்து பூச்சியை வைத்தார். வைத்த பிறகு இறக்கையை நேராக்க விரல் போனது. பாதியில் நிறுத்தி, கையை இழுத்துக்கொண்டார்.

மண்ணைத் தள்ளினார்கள்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அவள் கேட்டாள்.

"பவளக்கா எப்படிச் சிரிப்பாவ?"

"எப்படின்னா?"

"சத்தமாவா? சத்தம் இல்லாமயா?"

"சத்தமே வராது. அதான் வேடிக்கை." துண்டில் கையைத் துடைத்தார். "உடம்புதான் குலுங்கும். இந்தா, இப்படி..."

காட்ட ஆரம்பித்தார்.

ஆறடி மனிதர். முழங்கால் மடங்கியது. தோள் இறங்கியது. தலை இடப்பக்கம் சாய்ந்தது. இல்லாத முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். மறுகையால் பக்கத்தில் இல்லாத ஒருவரின் புஜத்தில் படபடவென்று அடித்தார்.

"அடிப்பா தாயி! சும்மா இருக்கவன் தோளைப் போட்டு அடிப்பா! 'போதும் ஒங்க போட்டோ, ஒங்க மூஞ்சி முதல்ல சிரிக்குதா பாருங்க'ம்பா!"

குலுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதும் குலுங்கினார்.

பளிச்.

தவசிமுத்து திடுக்கிட்டு நிமிர்ந்தார். கேமரா ஆவுடை கையில் இருந்தது.

"அய்ய. நான் ஆடிட்டேனே தாயி. சொல்லிட்டு எடுக்கப்படாதா?"

அவள் கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அதில் ஆறடி ஆளைக் காணோம்.

"அக்கா உங்க நெஞ்சு உசரந்தான் இருப்பாவளோ?"

"ஆமா," என்றார். "நீ அவளைப் பாத்ததே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

ஆவுடை கேமராவின் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.