மேலே பார்க்காத பன்றியும் அணி மாறிய குரங்கும்

ஆலமரத்துக் குரங்கு அணியில் நெட்டைவாலன் என்றொரு இளங்குரங்கு இருந்தான். கூடைப் பந்து என்றால் அவனுக்கு உயிர். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் அவனுக்குக் கிடைப்பது ஒரு தாழ்ந்த கிளைதான். அதில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். யாருக்காவது வால் சுளுக்கிக்கொண்டால் மட்டும் அவனைக் கூப்பிடுவார்கள். அந்த அணியில் யாருக்கும் லேசில் வால் சுளுக்காது என்பதுதான் அவனுடைய கெட்ட நேரம்.

அந்தக் காட்டில் கூடைப் பந்து ஆடாத விலங்கு கிடையாது. கோரைப் புல்லை இறுக்கிச் சுற்றினால் பந்து. கொடியில் பின்னிய கூடையை ஒரு மரத்தில் தொங்கவிட்டால் ஆடுகளம். கூடை தொங்கும் மரத்தில் யாரும் ஏறக் கூடாது. சுற்றியுள்ள மரங்களில் ஏறலாம், தாவலாம், அது அவரவர் சாமர்த்தியம்.

"அண்ணே, எனக்கு எப்போ சான்ஸ் கிடைக்கும்?" என்று நெட்டைவாலன் தலைவனிடம் கேட்டான்.

தலைவன் பெயர் கொப்புத்தாவி. "அவசரப்படாதே தம்பி! நாங்க எல்லாரும் கிழவனாகட்டும்!" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். கூட இருந்த குரங்குகளும் சிரித்தன.

நெட்டைவாலனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் குளத்தங்கரை அணிக்குப் போறேன்! அங்கே போனா நான்தான் ராஜா!" என்றான்.

போகலாம், தடையில்லை. ஆனால் காட்டு விதி கறாரானது. ஒருவன் ஒரே ஒரு முறைதான் அணி மாறலாம். போன இடத்திலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பிறகு ஆயுள் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

குளத்தங்கரை அணி என்பது பல ஜாதி விலங்குகள் சேர்ந்த கதம்பம். தலைவி துடுக்கி என்ற நீர்நாய். அவளுக்குத் துணை தடியன் என்ற காட்டுப்பன்றி. ஓர் ஆமையும் உண்டு. வேறு சிலரும் உண்டு. ஜெயித்துப் பழக்கமில்லாத அணி அது.

"வா தம்பி, வா! உயரமா தாவ எங்ககிட்டே ஆளே இல்லே!" என்று துடுக்கி வாய் நிறைய வரவேற்றாள்.

முதல் ஆட்டம் நரிகளோடு. நெட்டைவாலன் பந்தை வாங்கியதும் மின்னலாக மேலே வீசினான். ஆலமரத்து அணியில் அதுதான் வழக்கம். யாருக்கு என்று பார்க்கவே வேண்டியதில்லை. மேல் கிளையில் எவனாவது ஒருவன் கட்டாயம் இருப்பான், லபக்கென்று பிடிப்பான். இங்கே மேல் கிளையில் யார் இருக்கிறார்கள்? காற்றுதான் இருந்தது. பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து குளத்தில் விழுந்தது. துடுக்கி நீந்திப் போய் எடுத்து வந்தாள். கோரைப் பந்து ஊறிக் கனத்துப்போயிருந்தது.

"தடியண்ணே, பிடிங்க!" என்று மறுபடியும் வீசினான். தடியன் நின்ற இடத்திலேயே நின்றது. பந்து மறுபடியும் குளத்தில்.

"யாருக்குடா வீசறே? மேகத்துக்கா?" என்று துடுக்கி கத்தினாள்.

"சரியான மந்தங்கள்! இவங்களுக்குப் பந்து கொடுத்துப் பிரயோஜனமே இல்லே" என்று நெட்டைவாலன் முடிவு கட்டிவிட்டான். அப்புறம் யாருக்கும் பந்தைக் கொடுக்கவில்லை. தானே வைத்துக்கொண்டான், தானே எறிந்தான். நரிகள் முட்டாள்களா என்ன? எல்லாம் சேர்ந்து அவன் ஒருவனை மொய்த்துக்கொண்டன. குளத்தங்கரை அணி மண்ணைக் கவ்வியது.

தவிட்டுக்குருவிகளுக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தெரியும். "ஆலமரத்திலே உட்கார வெச்சது சரிதான்! இவன் கதை முடிஞ்சது!" என்று புதருக்குப் புதர் பரப்பிவிட்டன.

தடியன் வெளிப்படையாகவே சொன்னது: "துடுக்கி, இந்தப் பையன் நமக்கு வேணாம். அனுப்பிடு."

துடுக்கி கொஞ்சம் யோசித்தாள். "அடுத்தது ஆலமரத்தாரோட ஆட்டம். அது வரைக்கும் இருக்கட்டும். அன்னைக்கும் இப்படியே ஆடினான்னா, நானே போகச் சொல்லிடறேன்."

இது நெட்டைவாலன் காதிலும் விழுந்தது. திரும்பிப் போக ஆலமரமும் இல்லை. ஒரு விளாமரத்தில் ஏறி, இலைகளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதான்.

அழுதுகொண்டிருந்தபோது கீழே உறுமல் கேட்டது. தடியன் வந்திருந்தது. விளாம்பழ வாசனை அதன் மூக்கைத் துளைத்திருக்க வேண்டும். மரத்தைச் சுற்றிச் சுற்றி மோந்தது. நன்றாகப் பழுத்த பழம் ஒன்று அதன் தலைக்குச் சற்று மேலே, தாழ்ந்த கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. தடியன் வலது பக்கம் போனது, இடது பக்கம் போனது, பின்னாலும் நகர்ந்து பார்த்தது. பழம் மட்டும் அதற்கு அகப்படவில்லை.

நெட்டைவாலனுக்கு அழுகை நின்றுவிட்டது. "அண்ணே, இதோ தலைக்கு மேலேயே இருக்கு!"

"எங்கே?"

"மேலேண்ணே, மேலே!"

"மேலேன்னு ஒண்ணு எனக்குக் கிடையாதுடா!" என்று தடியன் எரிந்து விழுந்தது. "என் கழுத்து இவ்வளவுதான் தூக்கும். நிலாவையே நான் குளத்துத் தண்ணியிலேதான் பார்த்திருக்கேன்."

நெட்டைவாலன் ஒரு கிளை கீழே இறங்கினான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அப்போ நான் வீசின பந்தெல்லாம்?"

"எந்தப் பந்து? நீ 'பிடிங்க'ன்னு கத்துவே. அப்புறம் பின்னாலே 'தொபுக்'னு சத்தம் கேக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"இதை ஏன் சொல்லலே?"

"நீ எங்கேடா கேட்டே?"

நெட்டைவாலனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவ்வளவு நாள் ஒரே அணியில் இருந்தும், பக்கத்தில் நிற்பவன் எதைப் பார்ப்பான், எதைப் பார்க்கமாட்டான் என்பதுகூடத் தெரியாமல் ஆடியிருக்கிறான்! பழத்தைப் பறித்துக்கொண்டு இறங்கி வந்து, தரையில் மெல்ல உருட்டிவிட்டான். அது உருண்டு போய்த் தடியனின் மூக்கருகே நின்றது. தடியன் சட்டென்று கவ்வியது.

அன்று முதல் நெட்டைவாலன் பந்தை உருட்டப் பழகினான். மேலே வீசியே பழகிய கைக்கு அது லேசில் வரவில்லை. பந்து எலி வளைக்குள் போனது, முள்ளில் சிக்கியது. முன்பு நன்றாக வந்த எறியும்கூடக் கெட்டுப்போனது. தவிட்டுக்குருவிகள் குதூகலித்தன. "போன தடவையை விட மோசம்டி!" நெட்டைவாலனுக்கு அழுகை முட்டும். ஆனாலும் மறுநாள் காலையில் வந்து உருட்டத் தொடங்கிவிடுவான்.

ஆமையிடம் போய், "உங்களுக்கு எப்படிப் பந்து வந்தா வசதி?" என்று கேட்டான். "என் முதுகிலே அடி. எந்தப் பக்கம் சாயணும்னு நான் பார்த்துக்கறேன்" என்றது ஆமை. ஓட்டில் பட்ட பந்து சொன்ன பக்கம் துள்ளிப் போனது! துடுக்கியும் சும்மா இருக்கவில்லை. உயரத்தில் இருக்கும் நெட்டைவாலனுக்குத் தாங்களும் ஒருநாள்கூடப் பந்தை மேலே அனுப்பியதில்லை என்று அவளுக்கு உறைத்தது. அவளும் எறிந்து பழகினாள்.

ஒருநாள் தடியன் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. மூக்கால் நெம்பியதும் மண்ணும் கிழங்கும் ஆகாயத்துக்கு எகிறின. கிளையில் இருந்த நெட்டைவாலன் கிழங்கைப் பிடித்தான்.

"அண்ணே! பந்தையும் இப்படி நெம்ப முடியுமா?"

"நெம்பலாம். ஆனா கூடை எங்கே இருக்குன்னு யாரு பார்க்கிறது?"

"நான் பார்த்துச் சொல்றேன், நீங்க நெம்புங்க."

அதையும் பழகினார்கள். பத்துக்கு ஒன்றுகூடக் கூடையில் விழவில்லை. இருந்தாலும் தடியன் சலிக்காமல் நெம்பியது. அதுவரை அதை யாரும் கூடைக்கு எறியச் சொன்னதே இல்லை.

ஆலமரத்தாரோடு ஆட்டம் வந்தது. காடே திரண்டிருந்தது. "என்னடா ராஜா, சௌக்கியமா?" என்று கொப்புத்தாவி கேலி செய்தான். நெட்டைவாலன் போய்த் தடியன் பக்கத்தில் நின்றுகொண்டான்.

குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிப் புள்ளிகளை அள்ளின. ஆனால் இந்த முறை குளத்தங்கரை அணியும் விட்டுக்கொடுக்கவில்லை. பந்து தரையோடு உருண்டது, ஆமை முதுகில் துள்ளியது, துடுக்கியின் கையிலிருந்து நெட்டைவாலனிடம் எகிறியது. வெயில் தாழ்ந்தபோது இரண்டு அணியும் சமமாக நின்றன. இன்னும் ஒரே ஒரு கூடை. யார் போட்டாலும் அவர்களுக்கு வெற்றி.

பந்து தரையில் நின்ற நெட்டைவாலனிடம் வந்தது.

"அவனை விடாதீங்க! அவனே எறிவான், இல்லேன்னா மேலே வீசுவான்! எனக்குத் தெரியும்!" என்று கொப்புத்தாவி அலறினான். குரங்குகள் அத்தனையும் நெட்டைவாலனுக்கு மேலே உள்ள கிளைகளை அடைத்துக்கொண்டன.

எறிந்து பார்க்கலாமா? விழுந்தால் காடு முழுக்க அவன் பெயர்தான். அவன் கை ஒரு கணம் துறுதுறுத்தது. அப்போது தடியன் கண்ணில் பட்டது. கூடைக்கு அடியில் தனியாக நின்றுகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு கூடைகூடப் போடாத பன்றியை யார் காவல் காப்பார்கள்?

நெட்டைவாலன் குனிந்து பந்தை உருட்டிவிட்டான்.

"அண்ணே, ஒரு அடி முன்னாலே! கொஞ்சம் வலது பக்கம்! இப்போ நெம்புங்க!"

தடியன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிழங்கு தோண்டுகிற மாதிரி ஒரே நெம்பாக நெம்பியது. பந்து எழும்பியது. கூடையின் விளிம்பில் தட்டியது. உள்ளே விழுந்தது.

களம் அதிர்ந்தது. எல்லோரும் கத்தினார்கள். தடியன் மட்டும் எதுவும் புரியாமல் தரையைப் பார்த்தபடி நின்றது.

"விழுந்துச்சாடா?" என்று கேட்டது.

"விழுந்துடுச்சுண்ணே! நீங்கதான் போட்டீங்க!"

தடியனின் கண் கலங்கிவிட்டது. அது துடுக்கியைப் பார்த்துத் திரும்பியது. "துடுக்கி, அன்னைக்கு இவனை அனுப்பிடுன்னு சொன்னேனே, அதை மறந்துடு. இவன் போனா நானும் போயிடுவேன்!"

"யாரு அனுப்பப் போறா? அடுத்த ஆட்டத்துக்கும் இவன் இருக்கான்!" என்றாள் துடுக்கி.

அணி மாறியதால் மட்டும் யாரும் வளர்ந்துவிடுவதில்லை. போன இடத்தில் உடன் ஆடுகிறவர்களைக் கேட்டு அறிந்து, அதற்கேற்பத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்பவனே வளர்கிறான்.